உபுண்டுல பில்ட் ஆவுது, மத்த மெஷின்ல ஆவல: பாம் மாட்யூலுக்கு என்ன பண்றது?

கேள்வி: அண்ணா, தண்டையார்பேட்டைல ஒரு கன்டெயினர் கம்பெனில சிஸ்டம் அட்மினா இருக்கேன். லாகின்ல பாஸ்வேர்டோட ஓடிபியும் சேத்து கேக்குற மாதிரி சி-ல ஒரு பாம் (PAM, லாகின்ல ஆளச் சரிபாக்குற அமைப்பு) மாட்யூல் எழுதினேன். உபுண்டுல சூப்பரா ஓடுது. ஃப்ரீபிஎஸ்டில எரரா கொட்டுது, ஒரு பழைய சோலாரிஸ் மெஷின்ல பில்ட் ஆயிடுது ஆனா ஓடுறப்ப கிராஷ். கோடு பூரா ஓஎஸ் பேர் வெச்சு இஃப்டெஃப் (இந்த ஓஎஸ்னா இந்தக் கோடுன்னு பிரிக்கிற வரி) போட்டுட்டேன், அப்பயும் தீரல.

பதில்: தம்பி, மொதல்ல அந்த இஃப்டெஃப் எல்லாத்தையும் தூக்கு. பாம்ங்கிறது 1995ல சன் கம்பெனி ஆளுங்க முன்வெச்ச ஐடியா, அப்பால ஆளாளுக்கு அவங்கவங்க பாணில எழுதிக்கினாங்க, லினக்ஸ்ல லினக்ஸ்-பாம், ஃப்ரீபிஎஸ்டி நெட்பிஎஸ்டில ஓப்பன்பாம், சோலாரிஸ்ல சன்னோட சொந்தச் சரக்கு. மேக்ல பாரு, ஆரம்பத்துல லினக்ஸ்-பாம் இருந்துச்சு, அப்பறம் ஓப்பன்பாமுக்கு மாறிட்டாங்க, அதனால "மேக்கா?"ன்னு கேட்டா ஒண்ணும் தெரியாது. காசிமேட்டுல மீன் வாங்குறப்ப எந்த போட்டுல வந்துச்சுன்னா கேக்குறோம், செவுளத் தூக்கித்தான பாக்குறோம்?

அப்படி செவுளத் தூக்கிப் பாக்குற வேலைய ஆட்டோகான்ஃப், இல்ல மீசான்னு பில்ட் டூலுங்க செய்யும். ஹெட்டர் இருக்கா, லைப்ரரி லிங்க் ஆவுதா, இந்த ஃபங்ஷன் இருக்கான்னு பில்டுக்கு முன்னாடியே கேட்டு வெச்சிக்க. உன் ஃப்ரீபிஎஸ்டி எரர்ல முக்காவாசி பாம்_சிஸ்லாக்ங்கிற லாக் எழுதுற ஃபங்ஷன் சமாச்சாரமாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன், அது லினக்ஸ்-பாம்ல மட்டும்தான், ஓப்பன்பாம்ல ஓப்பன்பாம்_லாக்னு வேற ஒண்ணு இருக்கு. யூசர் பேர் மாதிரி விவரத்த எடுக்குற பாம்_கெட்_ஐட்டம் ஃபங்ஷன்ல மூணாவது ஆர்குமென்ட் லினக்ஸ்லயும் ஓப்பன்பாம்லயும் கான்ஸ்ட் (மாத்தக்கூடாதுன்னு குறி), பழைய சோலாரிஸ்ல கான்ஸ்ட் இல்ல. இதக் கண்டுபிடிக்க, ஹெட்டர இன்க்ளூட் பண்ணிட்டு அதே ஃபங்ஷன கான்ஸ்ட் போட்டு நீயே ஒருவாட்டி டிக்ளேர் பண்ணிப் பாரு, ஒத்துப்போகலன்னா கம்பைலரே திட்டும், அந்தத் திட்டுதான் உனக்கு பதில். கம்பைல் டெஸ்ட்டோட நிறுத்திக்க, ரன் டெஸ்ட் வேணாம், வேற ஆர்க்கிடெக்சருக்கு க்ராஸ் கம்பைல் பண்றப்ப மாட்டிக்குவ. கெடச்ச பதில எல்லாம் ஒரே ஒரு ஹெட்டர் ஃபைல்ல வை, மாட்யூல் கோடுக்குள்ள எந்த ஓஎஸ் பேரும் வரக்கூடாது.

சோலாரிஸ் கிராஷ்தான் வில்லங்கம், இது எந்த கம்பைல் டெஸ்ட்லயும் சிக்காது. யூசர்கிட்ட கேள்வி கேக்குற கான்வர்சேஷன் ஃபங்ஷனுக்கு மெசேஜுங்கள டபுள் பாயின்டரா (பாயின்டரக் காட்டுற பாயின்டரா) அனுப்புறோம்ல, அத லினக்ஸ்-பாமும் ஓப்பன்பாமும் "பாயின்டருங்களோட அர்ரே"ன்னு எடுத்துக்குது, சோலாரிஸ் "ஸ்ட்ரக்ட் அர்ரேவக் காட்டுற ஒரு பாயின்டர்"னு எடுத்துக்குது. டைப்பப் பாத்தா ரெண்டும் டபுள் பாயின்டர்தான். ஒரே ஒரு மெசேஜ் அனுப்புனா ரெண்டு அர்த்தமும் ஒரே எடத்துல போய் நிக்கும், அதனால பாஸ்வேர்ட் மட்டும் கேட்டு டெஸ்ட் பண்ணவனுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும். நீ பாஸ்வேர்டும் ஓடிபியும் ஒரே கால்ல கேக்குற, ரெண்டாவது மெசேஜ்ல அது கண்ட எடத்துக்குப் போயிடுது.

நீ மாட்யூல் எழுதுறவன், அதனால இதுக்கு இஃப்டெஃப்பே தேவையில்ல: மெசேஜ் ஸ்ட்ரக்டுங்கள ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனாப்ல ஒரே அர்ரேவா வை, ஒவ்வொண்ணையும் காட்டுற மாதிரி பாயின்டர் அர்ரே ஒண்ணு தனியா வை, அந்தப் பாயின்டர் அர்ரேவ அனுப்பு. லினக்ஸ்காரன் பாயின்டர் வழியா நடப்பான், சோலாரிஸ்காரன் மொத பாயின்டரப் புடிச்சி வரிசையா நடப்பான், ரெண்டு பேருக்கும் சரியான மெசேஜ்தான் கெடைக்கும்.

இன்ஸ்டால் பண்ற டைரக்டரிய ஹார்டுகோட் பண்ணாத, உபுண்டு, ஃபெடோரா, மேக் எல்லாத்துலயும் வேற வேற எடம், கான்ஃபிகர் ஆப்ஷனா குடுத்துடு. பாம் லைப்ரரியே கெடைக்கலன்னா, ஓப்பன்பிஎஸ்டில அப்படித்தான், பில்ட் அங்கயே எரரோட நிக்கணும், ஓடிபி இல்லாமயே கமுக்கமா பில்ட் ஆயிடுச்சின்னா லாகின்ல பூட்டே இல்லன்னு உனக்கே தெரியாது.