தாவரச் சாறும் புற்றுச் செல்லும்: ஆய்வகக் கேள்விகள்

கே: மெத்தனால் சாற்றை வைத்து எம்டிடி சோதனை (உயிருள்ள செல்களைச் சாய நிறத்தால் அளப்பது) செய்தேன். மில்லிக்கு 200 மைக்ரோகிராமில் 120 சதவீதம் செல்கள் உயிரோடு இருப்பதாக வருகிறது. சாறு புற்றை வளர்க்கிறதா?

ப: எண்ணை நம்பும் முன் செல் வளரும் குழித்தட்டை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். செல்கள் உருண்டு, தரையிலிருந்து கழன்று மிதந்தால் அவை பெரும்பாலும் செத்தவை. அளவைக் கூட்டியது உங்கள் சாறுதான். மஞ்சள் எம்டிடியை ஊதா ஃபார்மசானாக மாற்ற உயிருள்ள செல் தேவை என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் பாலிஃபீனால், வைட்டமின் சி போன்ற ஒடுக்கிகள் (எலக்ட்ரான் கொடுக்கும் பொருள்கள்) செல்லே இல்லாமல் அதைச் செய்துவிடும்.

உறுதி செய்வது எளிது. செல் இல்லாத மூன்று குழிகளில் வளர்ப்பு ஊடகம், அதே அடர்வில் சாறு, எம்டிடி மூன்றையும் விட்டு 3 மணி நேரம் வையுங்கள். ஊதா ஏறினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அதன்பின் எம்டிடி சேர்க்கும் முன் சாறு கலந்த ஊடகத்தை உறிஞ்சி எடுத்து, வெதுவெதுப்பான பிபிஎஸ் (செல்லைக் கழுவும் உப்புக் கரைசல்) 100 மைக்ரோலிட்டரால் குழியின் ஓரமாக விட்டு இருமுறை கழுவுங்கள். மில்லிக்கு 0.5 மில்லிகிராம் எம்டிடி உள்ள புது ஊடகம், 3 மணி நேரம், பிறகு ஊதாவை 100 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் நிற அடர்வு அளவு.

கழுவும்போது லேசாக ஒட்டியிருக்கும் உயிருள்ள செல்லும் போய்விடலாம். அதனால் அடர்நிறச் சாறுகளுக்கு எஸ்ஆர்பி சோதனையே மேல் என்பது என் கருத்து. அது செல்லின் புரதத்தில் ஒட்டும் சாயத்தை அளக்கிறது. ஒடுக்கிகள் அதை ஏமாற்ற முடியாது.

கே: சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எவ்வளவு வரை விடலாம்?

ப: குழியில் 0.5 சதவீதத்தைத் தாண்டாதீர்கள், 0.1 என்றால் நிம்மதி. மில்லிக்கு 100 மில்லிகிராம் மூலக்கரைசலை ஆயிரம் மடங்கு நீர்த்தால் 100 மைக்ரோகிராமும் 0.1 சதவீதமும் சேர்ந்தே கிடைக்கும். பலர் சறுக்குவது அடுத்த படியில்: ஊடகத்திலேயே பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போனால், சாறோடு டிஎம்எஸ்ஓவும் குறைகிறது. கட்டுப்பாட்டுக் குழியோடு (சாறில்லாமல் டிஎம்எஸ்ஓ மட்டும் விட்டது) ஒப்பிட முடியாமல் போய்விடும். அடர்வு வரிசையை முதலில் டிஎம்எஸ்ஓவிலேயே தயாரித்து, பிறகு ஒவ்வொன்றையும் ஒரே விகிதத்தில் ஊடகத்தில் கலக்குங்கள். கலங்கல் தெரிந்தால் சாறு கரையவில்லை. அந்த அடர்வை விட்டுவிடுங்கள்.

கே: எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களில் ஐசி50 (பாதி செல்களைத் தடுக்கும் அடர்வு) மில்லிக்கு 85 மைக்ரோகிராம். நல்ல சாறு என்று எழுதலாமா?

ப: வேண்டாம். கச்சாச் சாற்றுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குள் வந்தால்தான் மேலே பிரித்தெடுக்கும் உழைப்புக்குப் பொருள் உண்டு. புற்றல்லாத செல்லிலும் அதே நேர அளவில் சோதித்தீர்களா? அங்கேயும் 90 என்றால் அது பொதுவான நஞ்சு, அவ்வளவே.

கே: தட்டில் செல்லைக் கொன்ற இலையை, சிகிச்சையில் இருக்கும் அம்மாவுக்குக் கஷாயமாகத் தரலாமா?

ப: தயவுசெய்து தராதீர்கள். குழியில் 100 மைக்ரோகிராம் என்பது 5 லிட்டர் ரத்தத்தில் 500 மில்லிகிராம்; அதுவும் குடல் முழுதாக உறிஞ்சி, கல்லீரல் எதையும் சிதைக்காமல் விட்டால்தான். நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் தூய பொருளாக, சிரை (ரத்தக் குழாய்) வழியே மட்டும், வழக்கமாக ஒரு தவணைக்கு 2 மில்லிகிராமுக்கு மிகாமல் ஏற்றப்படுகிறது. இலையில் அந்த அளவை யாரும் பிடிக்க முடியாது. ஏற்கெனவே ஏதாவது மூலிகை குடித்துவந்தால் செடியின் பெயரையும் அளவையும் புற்றுநோய் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள்: செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கல்லீரல் நொதிகளைத் தூண்டி, இரினோடெக்கான் மருந்தின் செயல்படும் வடிவத்தை ரத்தத்தில் குறைத்துவிடுகிறது.