‘என்ன பரீட்சை எழுதணும் சார்?’ – ஃபெடரல் ஜட்ஜ் ஆக நினைக்கும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பத்தாம் வகுப்பு, கணக்கிலும் அறிவியலிலும் கெட்டி. மருத்துவமோ கம்ப்யூட்டரோ என்று நீங்களும் அவள் அப்பாவும் நினைத்திருந்தீர்கள். பள்ளியில் நடந்த மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் போய்வந்தவள் திடீரென்று ‘ஃபெடரல் ஜட்ஜ் ஆகப் போகிறேன்’ என்கிறாள். அதற்கு என்ன பரீட்சை, எந்த வயதுக்குள் எழுத வேண்டும், நியூஜெர்சியில் எங்கே கோச்சிங் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பரீட்சை கிடையாதும்மா. விண்ணப்பம் போட்டு வரிசையில் நிற்கிற வேலையும் இல்லை.

நம்மூரில் சிவில் நீதிபதி பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும், தேர்வு எழுதுவார்கள், நேர்முகம் நடக்கும், பட்டியல் வெளியாகும். அந்தக் கணக்கில் நீங்கள் கேட்பது இயல்புதான். அமெரிக்காவில் ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜின் (மத்திய அரசின் விசாரணை நீதிமன்ற நீதிபதி) பெயரை அதிபர் முன்மொழிகிறார். நாடாளுமன்ற மேலவையான செனட் ஒப்புதல் தந்த பிறகு நியமனம். அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் இந்தப் பதவிக்கான தகுதி என்று ஒரு வரிகூட இல்லை. வயது வரம்பு இல்லை, சட்டப் பட்டம் வேண்டும் என்றுகூட இல்லை. எழுதாத தகுதிகள்தான் ஏராளம்.

‘டிஸ்ட்ரிக்ட்’ என்றதும் நம்மூர் ஜில்லா ஜட்ஜ் என்று நினைத்துவிடாதீர்கள். கொலை, விவாகரத்து, வாடகைத் தகராறு எல்லாம் பெரும்பாலும் மாநில நீதிமன்றத்தோடு முடிந்துவிடும். ஃபெடரல் சட்டம் சம்பந்தப்பட்ட குற்றங்கள், காப்புரிமை, அரசுக்கு எதிரான வழக்குகள், வெவ்வேறு மாநிலத்தவர்களுக்கு இடையே 75,000 டாலருக்கு மேற்பட்ட தகராறுகள், இவைதான் ஃபெடரல் விசாரணை நீதிமன்றத்துக்கு வருபவை. நாடு முழுக்க 94 மாவட்டங்கள், நீதிபதி இடங்கள் ஏறத்தாழ 670. நியூஜெர்சி முழு மாநிலமும் ஒரே மாவட்டம். அதற்கு 17 இடங்கள்.

அந்தப் பதினேழும் லேசில் காலியாகாது. நன்னடத்தை உள்ளவரை பதவி என்பதால், கிட்டத்தட்ட ஆயுள் பதவி. சம்பளத்தைக் குறைக்கவும் யாருக்கும் அதிகாரமில்லை. 65 வயதும் 15 ஆண்டு பணியும் ஆனவர் வேலையைக் குறைத்துக்கொள்ளும் ‘சீனியர்’ நிலைக்குப் போனால், அல்லது யாராவது மேல் நீதிமன்றத்துக்கு உயர்ந்தால், அல்லது காலமானால் ஓர் இடம் பிறக்கும். அந்த நேரத்தில் அதிபர் யார், உங்கள் மாநிலத்து செனட்டர்கள் யார், அவர்களுக்கு உங்கள் மகளைத் தெரியுமா? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டியே எப்போதாவதுதான் அடுப்பில் ஏறுகிறது.

நடைமுறையில் பெயர் செனட்டரிடமிருந்துதான் கிளம்புகிறது. பல மாநிலங்களில் செனட்டர்கள் தேர்வுக்குழு வைத்து வழக்கறிஞர்களை நேர்காணல் செய்து வெள்ளை மாளிகைக்குப் பரிந்துரைக்கிறார்கள். எஃப்.பி.ஐ. ஆள் வந்து பழைய வீட்டுக்காரர் வரைக்கும் விசாரிப்பார். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் குழு ஒன்று தரம் பார்த்துச் சொல்வது நீண்டகால வழக்கம். வழக்கமாக 12 ஆண்டு அனுபவமாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அப்புறம் ‘நீலச் சீட்டு’: மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் ஒரு நீலத் தாளில் சம்மதம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம், ஆனால் அந்தத் தாள் வராததால் நின்றுபோன பெயர்கள் உண்டு. கடைசியாக செனட்டின் நீதித்துறைக் குழுவின் விசாரணை, பிறகு மொத்த செனட்டின் ஓட்டு. 2013-க்குப் பிறகு சாதாரணப் பெரும்பான்மை போதும்.

இதில் நீங்களும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டியது ஒன்று உண்டு. செனட் குழு ஒவ்வொருவருக்கும் தரும் கேள்விப் படிவம். நிரப்பப்பட்ட படிவங்கள் அந்தக் குழுவின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. நான் மாணவர்களிடம் எந்தக் கல்லூரிக் கையேட்டையும் கொடுப்பதற்கு முன் இதைத்தான் படிக்கச் சொல்கிறேன். கல்லூரி முடித்த நாளிலிருந்து பார்த்த ஒவ்வொரு வேலையும் கேட்பார்கள். எழுதிய கட்டுரை, பேசிய பேச்சு எல்லாம் கேட்பார்கள். நீங்கள் நடத்திய மிக முக்கியமான பத்து வழக்குகளை விவரமாக எழுதச் சொல்வார்கள். ஒவ்வொரு வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீலின் பெயரும் தொடர்பு எண்ணும் தர வேண்டும்.

அந்தக் கடைசி வரியை மகளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். யாரிடம் வாதாடி ஜெயித்தாளோ, யாரிடம் தோற்றாளோ, அவர்களிடமே போன் போட்டு ‘இந்த அம்மா எப்படி, நேர்மையானவரா, கோபக்காரரா?’ என்று கேட்பார்கள். இருபது ஆண்டு கழித்து வரப்போகும் அந்த அழைப்புக்கான பதிலை, தன் முதல் வழக்கிலிருந்தே அவள் எழுதத் தொடங்கிவிடுவாள்.

பத்து வழக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2017 டிசம்பரில் ஒரு காட்சி நடந்தது. தலைநகர் வாஷிங்டன் டி.சி. மாவட்ட நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட மேத்யூ பீட்டர்சன், தேர்தல் ஆணையத்தில் உறுப்பினர், படித்தவர். லூசியானா செனட்டர் ஜான் கென்னடி ஒவ்வொன்றாகக் கேட்டார்: ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுக்கும் நடுவர் குழு) முன் வழக்கு நடத்தியிருக்கிறீர்களா? இல்லை. சிவில்? இல்லை. கிரிமினல்? இல்லை. சாட்சியச் சட்டத்தின் அடிப்படைக் கேள்விகளிலும் தடுமாறினார். அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. சில நாட்களில் அவர் விலகிக்கொண்டார். நான் அவரைக் கேலி செய்யவில்லை. வேறு வேலைக்கு அவர் பொருத்தமானவராக இருந்திருக்கலாம். விசாரணை நீதிமன்றம் என்பது சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து பழகியவர்களின் இடம்.

அதனால்தான் ‘ஜட்ஜ் ஆவதற்கு என்ன படிக்கலாம்’ என்பதைவிட, ‘கோர்ட்டில் நின்று வழக்கு நடத்தும் வக்கீலாக எப்படி ஆகலாம்’ என்று கேளுங்கள் என்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் பாதி அதிர்ஷ்டம். இரண்டாவது கேள்விக்கு உழைப்பு போதும்.

சரி, படிப்பு. முதலில் நான்கு ஆண்டுப் பட்டம், எந்தப் பாடமானாலும் சரி. பிறகு சட்டக் கல்லூரி நுழைவுக்கான எல்சாட் தேர்வு, மூன்று ஆண்டு சட்டப் படிப்பு, வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வு. பத்து வருடத்துக்கு முன்பு நான்கூட ஒரு பையனை ‘அரசியல் அறிவியல்தான் எடுக்க வேண்டும்’ என்று தள்ளினேன். அவனுக்கு அது பிடிக்கவே இல்லை, மதிப்பெண்ணும் இறங்கியது. அதோடு அந்த அறிவுரையை நிறுத்திவிட்டேன். நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தில் 2023 மார்ச்சில் பதவிக்கு வந்த அருண் சுப்பிரமணியன், அந்த நீதிமன்றத்தின் முதல் தெற்காசிய நீதிபதி. 2025-ல் பாடகர் ஷான் கோம்ஸ் வழக்கை விசாரித்தவர் என்றால் உங்களுக்கு உடனே தெரியும். அவர் இளங்கலையில் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸும் ஆங்கிலமும். ஆக, அவள் அப்பாவின் கம்ப்யூட்டர் ஆசைக்கும் இங்கே இடம் இருக்கிறது.

சுப்பிரமணியன் கொலம்பியாவில் சட்டம் முடித்ததும் மூன்று நீதிபதிகளிடம் ‘லா கிளர்க்’ ஆக இருந்தார். அதில் ஒருவர் உச்ச நீதிமன்றத்தின் ரூத் பேடர் கின்ஸ்பர்க். கிளர்க் என்றதும் கட்டுத் தூக்கும் வக்கீல் குமாஸ்தா உங்கள் கண் முன்னால் வந்தால் அழித்துவிடுங்கள். (ஒரு அப்பா என்னிடம், ‘இவ்வளவு செலவழித்துப் படித்துவிட்டு கிளர்க் வேலையா?’ என்று உண்மையாகவே கோபப்பட்டார்.) நீதிபதியின் அறையிலேயே ஓரிரு வருடம் உட்கார்ந்து, சட்ட ஆய்வு செய்து, தீர்ப்பின் வரைவு எழுதிக் கொடுக்கும் இளம் வக்கீல்தான் லா கிளர்க். கடும் போட்டி. கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காமல் போகச் சொல்லுங்கள்.

ஐவி லீக் (ஹார்வர்ட், யேல் போன்ற பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள்) இல்லாவிட்டால் கதவு மூடிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மாநிலத்து ஜாஹித் குரைஷியைப் பாருங்கள். பாகிஸ்தானிலிருந்து வந்த பெற்றோரின் மகன். சட்டம் படித்தது ரட்கர்ஸில். ராணுவத்தில் சட்ட அதிகாரியாக இராக் போனார், பிறகு நியூஜெர்சியில் ஃபெடரல் அரசு வழக்கறிஞர், பிறகு தனியார் நிறுவனம். 2019-ல் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுகளுக்குத் துணையாக இருக்கும் மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ். 2021 ஜூனில் 81-க்கு 16 என்ற ஓட்டில் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் ஆனார். அந்த நிலைக்கு வந்த முதல் அமெரிக்க முஸ்லிம் அவர்.

அந்த மாஜிஸ்ட்ரேட் பதவியைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு மட்டும் நீங்கள் தேடும் ‘விண்ணப்பம்’ உண்டு. அறிவிப்பு வரும், குழு வடிகட்டும், அந்த மாவட்ட நீதிபதிகளே தேர்ந்தெடுப்பார்கள். எட்டு ஆண்டுப் பதவி, மறுபடியும் நீட்டிக்கலாம். அதிபரும் வேண்டாம், செனட்டும் வேண்டாம். குறைந்தது ஐந்து ஆண்டு வக்கீல் அனுபவம் விதிப்படி போதும். நிஜத்தில் அதைவிட அதிகம் இருந்தால்தான் நடக்கும். மாநில நீதிபதி பதவியும் இருக்கிறது. நியூஜெர்சியில் ஆளுநர் முன்மொழிவார், மாநில செனட் ஒப்புதல் தரும். முதலில் ஏழு ஆண்டு, மறுபடி நியமித்தால் 70 வயது வரை.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 2025-ல் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜின் சம்பளம் 2,47,400 டாலர். நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்களில் கல்லூரியிலிருந்து நேரே வரும் முதலாண்டு வக்கீலுக்கே 2,25,000 டாலர் அடிப்படைச் சம்பளம். அதாவது, பல மடங்கு சம்பாதித்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத்தான் பலர் நீதிபதி ஆகிறார்கள். ஆனால் அரசு வழக்கறிஞராகவோ, ஏழைகளுக்காக வாதாடும் பப்ளிக் டிஃபெண்டராகவோ போகிறவர்களுக்கு ஆரம்பச் சம்பளம் இதில் பாதிகூட வராது. கோர்ட்டில் நின்று பழகும் வாய்ப்பு அங்கேதான் சீக்கிரம் கிடைக்கிறது. கல்விக் கடன் பெரிதாக இருந்தால் அந்த வேலைகளை எடுக்கும் துணிவு வராது. அதனால் உதவித்தொகை தரும் கல்லூரியையும், பெயர் பெற்ற ஆனால் முழுக் கட்டணம் கேட்கும் கல்லூரியையும் வைத்துப் பார்க்கும்போது, இவள் விஷயத்தில் நான் முதலாவதின் பக்கம் சாய்வேன்.

அரசியல் கட்சியில் சேர வேண்டுமா? கட்டாயமில்லை, ஆனால் ‘அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று சொன்னால் அது பொய். யார் எந்த மாதிரி வழக்குகளை நடத்தினார் என்பதை வெள்ளை மாளிகை பார்க்கும், அதிபர் மாறினால் அந்த விருப்பமும் மாறும். அடுத்த அதிபருக்குப் பிடிக்க வேண்டும் என்று வேலையை வளைத்தால் அவள் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பாள். ஊரில் வேர் பிடிப்பது மட்டும் எந்த ஆட்சியிலும் உதவும். உள்ளூர் வழக்கறிஞர் சங்கம், தெற்காசிய வழக்கறிஞர் சங்கம், கட்டணம் வாங்காத வழக்குகள். செனட்டரின் தேர்வுக்குழுவில் உட்காருபவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் வக்கீல்களே.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். கோடை விடுமுறையில் ஒரு வார நாளில் அவளை ட்ரென்டனிலோ நெவார்க்கிலோ உள்ள ஃபெடரல் கோர்ட்டுக்கு அழைத்துப் போங்கள். பெரும்பாலான விசாரணைகளை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம், கட்டணம் இல்லை. அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போன் பற்றிய விதியை முன்பே பார்த்துவிடுங்கள். அன்றைய பட்டியலில் ‘சென்டென்சிங்’ (தண்டனை அறிவிப்பு) என்று ஏதாவது இருந்தால் அந்த அறைக்குப் போங்கள். தண்டனை பெறுபவரின் அம்மாவும் பிள்ளைகளும் பின் வரிசையில் இருப்பார்கள். அங்கே ஜூரி கிடையாது. எத்தனை மாதம் என்பதை அந்த ஒரு நீதிபதி தனியாக முடிவு செய்து, தண்டனை பெறுபவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். மாதிரி நீதிமன்றப் போட்டியில் இது வராது.

வீடு திரும்பும் வழியில் அவளை எதுவும் கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்து, பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதி எனக்கு அவளே நேராக அனுப்பட்டும்.