தோலை மரக்கச் செய்யும் களிம்புகள்: கேள்வி பதில்

தோல் மருத்துவப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்பதால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

சாட்ஸ்வர்த் வாசகி: எம்லா தடவிப் பத்து நிமிடத்தில் மரு எடுத்துக்கொண்டேன், உயிர் போகும்படி வலித்தது. களிம்பு போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை, அம்மா, நேரம்தான் போதவில்லை. எம்லாவில் லிடோகெய்ன், பிரிலோகெய்ன் என்னும் மரக்கச் செய்யும் மருந்துகள் இரண்டும் நூற்றுக்கு 2.5 பங்கு வீதம் உள்ளன. தனித்தனியே திடப்பொருள்களான இவை சம அளவில் கலந்தால் அறை வெப்பத்திலேயே எண்ணெயாக உருகிவிடுகின்றன. அந்த எண்ணெய், தோலின் உலர்ந்த மேற்படலத்தைக் கடந்து 3 மில்லிமீட்டர் இறங்க ஒரு மணி நேரமும், 5 மில்லிமீட்டர் இறங்க இரண்டு மணி நேரமும் ஆகும். தேய்க்காமல் கனமாக வைத்து, ஒட்டுப் படலத்தால் மூட வேண்டும். துடைத்தபின் அவ்விடம் சுண்ணாம்பு பட்டதுபோல் பெரும்பாலும் வெளிறியிருக்கும்.

டோங்காட் பாட்டி: இரண்டு மாதப் பேரனுக்குக் காது குத்துமுன் தடவலாமா?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மொத்தமே 1 கிராம், அதாவது 5 கிராம் குழாயில் ஐந்தில் ஒரு பங்குதான், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது; குறைமாதக் குழந்தைக்கு வேண்டாம். பிரிலோகெய்ன் இரத்தத்தின் பிராணவாயு சுமக்கும் திறனைக் கெடுக்கக்கூடும். உதடு நீலம் பாய்ந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். விரலில் ஒட்டிய களிம்பு கண்ணில் பட்டால் விழிப்படலம் புண்ணாகும். என்னைக் கேட்டால், குழந்தை வளரும்வரை காத்திருக்கலாம்.

ஃபீனிக்ஸ் வாசகி: லேசர் முறையில் முடி நீக்க, வீட்டிலேயே இரு கால்களிலும் பூசிப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு வரலாமா?

வேண்டவே வேண்டாம். இதே காரியத்துக்காக, லிடோகெய்னும் டெட்ரகெய்னும் மிகுதியாகச் சேர்த்து மருந்துக்கடையில் கலந்து தந்த களிம்பைக் கால்களில் பூசிச் சுற்றிக்கொண்ட 22, 25 வயதுப் பெண்கள் இருவர் வலிப்பு கண்டு நினைவிழந்து இறந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007-இல் எச்சரிக்கையாகவே வெளியிட்டது. பூசும் பரப்பும், மருந்தின் செறிவும், மூடிவைக்கும் நேரமும், தோலின் சூடும் கூடக்கூட இரத்தத்தில் சேரும் மருந்தும் கூடுகிறது. வாயைச் சுற்றிக் கூச்சம், காதில் இரைச்சல், நாவில் உலோகச் சுவை ஆகியவை முதல் அறிகுறிகள். அவை தோன்றினால் துடைத்துவிட்டு உதவி தேடுங்கள்.

அதே வாசகியின் தம்பி: பச்சை குத்தும்போது பாதியில் மீண்டும் தடவுகிறார்களே?

திறந்த தோல் மருந்தை வெகு விரைவாக உறிஞ்சும், மறுத்துவிடுங்கள், தம்பி.

பீட்டர்மரிட்ஸ்பர்க் அன்பர்: தைப்பூசக் காவடிக்கு அலகு குத்துமுன் கன்னத்தில் பூசினால் பலனுண்டா?

கன்னத்தின் முழுத் தடிமனையும் களிம்பு எட்டாது, ஐயா. மேல்தோல் மரத்தாலும் ஆழத்து வலி இருக்கும். வாயினுள் பூசினால் மருந்து சட்டென இரத்தத்தில் கலப்பதோடு, தொண்டை மரத்து விழுங்குவதும் தடுமாறும். நேர்த்திக்கடனுக்கு இது ஒக்குமா என்பதைக் குருக்கள்தான் சொல்ல வேண்டும். பூசியே தீருவேன் என்றால் அலகு குத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லி, பிசுக்கு நீங்கத் துடைத்துவிடுங்கள். இல்லையேல் அவர் கை வழுக்கும்.