பனையின் ஆண்-பெண் மரபணு: எங்கே தேடுவது?

தம்பி, பனங்கன்று ஆணா பெண்ணா என்று காட்டும் மரபணுவை டெயார் தளத்தில் தேடி ஒன்றுமே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வராதுதான், அது அரபிடொப்சிஸ் என்ற ஒரே செடிக்கான தளம். எல்லா உயிர்களின் மரபணுத் தொடர்களும் சேர்த்து வைத்திருக்கும் என்சிபிஐ தளத்துக்குப் போங்கள். பனையின் பச்சையவுருமணி (இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பு) மரபணுத்தொகை முழுதாக அங்கே இருக்கிறது, ஆனால் ஆண்-பெண் மரபணு அதில் இருக்காது, உங்கள் கேள்விக்கு அது உதவாது.

பனைக்குப் பதிலாகப் பேரீச்சையின் தொடரைப் பிடியுங்கள். அதுவும் ஆண், பெண் தனித்தனி மரம். எண்ணெய்ப்பனையை விடப் பனைக்கு நெருங்கிய சொந்தம். 2018இல் பேரீச்சை இனத்தில் ஆண் மரத்துக்கே உரிய சிவைபி703, ஜிபிஏடி3 மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று கவனம்: 2011இல் வெளிவந்த பேரீச்சை மரபணுத்தொகை பெண் மரத்துடையது, அதில் இவற்றைத் தேடி மினக்கெட வேண்டாம். ஆண் மரத் தொடரை எடுத்து பிரைமர் (அந்த மரபணுவில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமையுங்கள். அப்புறம், பூத்த ஆண் பனை, பெண் பனை இரண்டின் இலையிலும் பிசிஆர் (அந்த மரபணுத் துண்டைப் பல படியெடுக்கும் சோதனை) செய்யுங்கள். மரத்துக்கு யாழ்ப்பாணத்துக் கைதடிப் பக்கம் பஞ்சமா என்ன? சோதனை முடிவில் மரபணு இருப்பதைக் காட்டும் கோடு இரண்டிலும் விழுந்தால் அந்த மரபணுவை விட்டுவிடுங்கள்.