வீட்டில் தங்கும் ஜெர்மன் டீச்சர் சாப்பிடுவதில்லை என்று கேட்ட அக்காவுக்கு

கேரளத்தில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் உங்கள் வீட்டில் தங்கி, பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளியில் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லித்தரும் ஜெர்மன் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாயங்காலம் ஆனால் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கோபமெல்லாம் இருக்காது அக்கா. நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவர், கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள். ஜெர்மனியில் பல வீடுகளில் ராத்திரிக்கு ரொட்டியும் சீஸும்தான். நீங்கள் மட்டை அரிசிச் சோற்றைக் குவித்து வைத்தால் மலைத்துத்தான் போவார். பரிமாறாதீர்கள், பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டால் வேண்டியதை அவரே எடுத்துக்கொள்வார். பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த குடிதண்ணீரைத் தொடுவதே இல்லை என்றீர்களே, அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயந்திருப்பார். அந்தச் சீவலைக் கையில் கொடுத்து, அவர் கண்ணெதிரே ஒரு தடவை கொதிக்கவையுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. மூன்று மாதம் தங்குகிறார் என்கிறீர்கள். இ-டூரிஸ்ட் விசாவில் வந்திருந்தால், சம்பளமில்லாத தொண்டு வேலைக்கே அதிகபட்சம் ஒரு மாதம்தான் அனுமதி. என்ன விசா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். அப்புறம், வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டியது தங்கவைப்பவர் பொறுப்பு. லாட்ஜுக்கு மட்டும்தான் என்று நம் பக்கம் நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு. அனுப்பி வைத்த அமைப்பு செய்திருக்கும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.