வயலை வாங்காமலே காப்பாற்ற முடியுமா?

கேள்வி: விளைநிலத்தில் வீடு கட்டக் கூடாது என்று உள்ளாட்சி நிர்வாகம் தடுத்தால், நிலத்துக்காரருக்குத்தானே நஷ்டம்?

பதில்: நியாயமான கேள்விதான். வெறும் தடை போட்டால் நஷ்டம் அவர் தலையில்தான் விழும், அவரும் சும்மா இருக்க மாட்டார், விளைநிலம் என்று வரைபடத்தில் பூசிய பச்சையை அடுத்து வரும் நிர்வாகம் அழித்துவிடவும் கூடும். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து மான்ட்கோமரி கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) இதற்கு ஒரு வழி கண்டது. 1980இல் சுமார் 93,000 ஏக்கரை விவசாயத்துக்கென ஒதுக்கி, இனி 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்றார்கள். அதற்கு முன் 5 ஏக்கருக்கு ஒன்று கட்டலாம். சரி, அந்த இழப்பு? 5 ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் 'கட்டும் உரிமை'யை மட்டும் தனியாக விற்றுக்கொள்ளலாம். 100 ஏக்கர் என்றால் 20 உரிமை. அதை வாங்கும் பில்டர் நகர்ப்பக்கம் நிர்வாகம் குறித்துக் கொடுத்த இடத்தில், வழக்கமான வரம்புக்கு மேல் கூடுதல் வீடுகள் கட்டிக்கொள்வார். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும், உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், மனை மனையாகப் பிரித்து விற்க மட்டும் முடியாது, யார் கைக்கு மாறினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு கூடவே போகும்.

சிக்கல் எங்கே என்றால், நகரத்தில் கூடுதல் வீடுகளுக்குக் கிராக்கி இல்லாவிட்டால் அந்த உரிமை வெறும் காகிதம்தான். அப்புறம் அந்த உரிமையை நிர்வாகமே காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். நியூயார்க் மாநிலத்து சஃபோக் கவுன்ட்டி 1970களிலேயே அதைச் செய்தது.