50–0 ஐத் தாண்ட ஆள் இருக்கா? குத்துச்சண்டை கேள்வி பதில்

ஞாயிறு பயிற்சி முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை இந்த முறை எழுதித் தரச் சொன்னேன். வீட்டுப் பெரியவர்கள் சிலரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மாஸ்டர், மேவெதரின் 50–0 ஐ யாராவது தாண்டுவார்களா? (கொட்டகலை மாணவன்)

திறமையுள்ளவர்கள் இருக்கிறார்கள் தம்பி, கணக்குத்தான் உதைக்கிறது. அமெரிக்காவின் மேவெதர் 50 சண்டையில் 50ஐயும் வென்றவர், தோல்வி பூச்சியம், அதுதான் 50–0. 1996 ஒக்டோபரில் தொழில்முறைக்கு வந்தார். 1998 ஒக்டோபரில் முதல் உலகப் பட்டத்தை வென்றபோது அது அவருக்கு 18ஆவது சண்டை. சின்ன வயதில் அப்படிச் சேர்த்து வைத்ததால்தான் 2017இல் மக்ரெகரை வென்று 50ஐத் தொட முடிந்தது. பெயரும் பணமும் வந்த பிறகு வேகம் குறைந்துவிட்டது. 2007 மே முதல் 2017 வரை 13 சண்டைதான்.

அமெரிக்காவின் டெரன்ஸ் குரோஃபர்டைப் பாருங்கள். 2008இல் தொடங்கினார், 2025 செப்டெம்பரில் மெக்சிகோவின் பெரிய சாம்பியன் கனேலோவையே வென்றார், அந்த வருடம் முடிவதற்குள் 42–0 ஓடு விலகிவிட்டார். அவரிடம் குறை ஒன்றும் இல்லை. சண்டைகள்தான் போதவில்லை.

இப்போது நான் நம்புவது ஜப்பானின் நவோயா இனோவேயை. 2025இல் மட்டும் நான்கு முறை மேடை ஏறினார், வருட முடிவில் 32–0. ஆனால் 1993இல் பிறந்தவர். 51க்கு அங்கிருந்து இன்னும் 19 வெற்றி வேண்டும். 2024இல் நெரியும் 2025இல் கார்டெனாஸும் அவரைக் கீழே தள்ளினார்கள். இரண்டு முறையும் எழுந்து வந்து முடித்தார். இருந்தாலும் இனோவே 51ஐத் தொடுவார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வலிக்கத்தான் செய்கிறது.

மார்சியானோவின் 49–0 தான் பெரிது என்று அப்பா அடித்துச் சொல்கிறார். சரியா? (டிக்கோயா)

நான் அப்பா பக்கம். 49இல் 43 நொக் அவுட், அதுவும் ஹெவிவெயிட்டில். 1952இல் அப்போதைய உலக சாம்பியன் வால்கொட் முதல் ரவுண்டிலேயே அவரை விழுத்தினார். 12 ரவுண்டு முடிந்தபோதும் மார்சியானோ புள்ளியில் பின்னால். 13ஆவதில் கயிற்றோரம் ஒரே ஒரு வலது கை, பத்து அங்குலத் தூரம்கூட இருக்காது. வால்கொட்டின் ஒரு கை கயிற்றில் மாட்டியபடியே உடம்பு மடிந்து இறங்கியது. அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டுவேன்.

1955 செப்டெம்பர் 21இல் ஆர்ச்சி மூரோடு மார்சியானோவின் கடைசிச் சண்டை. சரியாக 30 வருடம் கழித்து, அதே செப்டெம்பர் 21இல், 48–0 ஆக இருந்த இன்னொரு ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸ் ஸ்பிங்ஸிடம் தோற்றார். மார்சியானோவைத் தொட ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது.

தாய்லாந்துக்காரர் ஒருவர் எப்போதோ தாண்டிவிட்டாராமே? (தலவாக்கலை)

உண்மை. வான்ஹெங் மெனாயோதின், ஆகக் குறைந்த எடைப் பிரிவில், 54–0 வரை போனார். 2020 நவம்பரில் சொந்த நாட்டுக்காரரான பன்யாவிடம் முதல் தோல்வி. ஆனால் பெரும்பாலும் சொந்த ஊரில், பெயர் தெரியாதவர்களோடு மோதிச் சேர்த்த எண்ணிக்கை அது. அதே எடையில் மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபஸ் 51 வெற்றி, ஒரு சமநிலை, தோல்வியே இல்லை. நான் லோபஸைத்தான் மேலே வைப்பேன். இன்னொரு மெக்சிகோக்காரர் சாவேஸ் தோல்வியில்லாமல் 87 வென்ற பிறகுதான் விடேக்கரோடு சமநிலை கண்டார்.

மேவெதர் உண்மையிலேயே ஒருமுறைகூடத் தோற்கவில்லையா? (பொகவந்தலாவை)

2002 ஏப்ரலில் காஸ்டியோவோடு நடந்ததை மூன்று முறை உட்கார்ந்து புள்ளி போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் காஸ்டியோதான் வென்றார். நடுவர்கள் வேறு மாதிரிப் போட்டார்கள், சரி. டிசம்பரில் மறுபடி மோதி, மேவெதர் சந்தேகமில்லாமல் வென்றார். அமெச்சூரில் தோற்றிருக்கிறார், 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அரையிறுதியில். அது தொழில்முறைக் கணக்கில் சேராது.

நம்ம ஊர்ப் பெயரில் ஒரு வீரர் இருந்தாராம்? (ஹட்டன்)

ரிக்கி ஹட்டன், இங்கிலாந்துக்காரர். 43–0 ஆக மேவெதரிடம் போய் 2007 டிசம்பரில் பத்தாவது ரவுண்டில் தோற்றார். 2025இல் காலமானார். ஆயிரக்கணக்கான சனம் பாட்டுப் பாடிக்கொண்டு அவர் பின்னால் அமெரிக்காவுக்கே போனது. தோற்ற பிறகும் அந்தச் சனம் அவரை விடவில்லை.

மாஸ்டர், என் மகன் 47 கிலோ. இரண்டு போட்டியும் தோற்றுவிட்டான். நாங்கள் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள், பஸ் காசும் கஷ்டம். நிறுத்திவிடட்டுமா? (ஒரு தாய்)

நிறுத்த வேண்டாம் தங்கச்சி. இரண்டாவது போட்டியில் மேடை ஓரத்திலேயே நின்று பார்த்தேன். இடது கையால் குத்தும்போதெல்லாம் அவனுடைய வலது கை கன்னத்தை விட்டு இறங்குகிறது, அந்த இடைவெளியில்தான் அடி விழுந்தது. கன்னத்துக்கும் வலது கைக்கும் நடுவே ஒரு கொழுந்தை வைத்துக்கொண்டு, அது விழாமல் இடது கையால் நூறு முறை குத்தச் சொல்லியிருக்கிறேன். போன கிழமை நாற்பதில் விழுந்தது, இந்தக் கிழமை எழுபது வரை நின்றது. பஸ் காசை நான் பார்த்துக்கொள்கிறேன். புதன் பின்னேரம் அனுப்பிவிடுங்கள்.